நாற்பத்திரண்டு உதை

பஸ் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் ஏழு மாதம் மின்பிரிவு மெக்கானிக்காக இருந்தவரை அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஒரிஜினல்’தான். டூப்ளிகேட் சாமானைக் கையால் தொடமாட்டார். ஸ்டோரிலிருந்து மாற்றுச் சாமான் வந்தால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி மேசை ஓரத்தில் வைப்பார். ஒரிஜினல் வரும்வரை பஸ் நிற்கும்.

“யோவ், வண்டி இன்னைக்கு ரூட்டுக்குப் போகணும்யா!” என்று மேலதிகாரி கத்துவார்.

“போகும் சார். பாதி வழியில நிக்கற மாதிரி போகாது.”

மனிதர்களையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார். பழுதுபட்ட ஆளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதே கிடையாது. அப்படி ஓரத்தில் வைக்கப்பட்டவர்களில் முதல் ஆள் அவருடைய கூடப்பிறந்த தம்பி. நான்கு வயது இளையவர், நகர நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர், கல்யாணம் ஆகாதவர். தெருவில் அவருக்குப் பெயர் ‘நாப்பத்திரெண்டு’.

அந்தப் பெயர் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அன்று வெள்ளிக்கிழமை, விடாத மழை. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுப்பதற்காகத் தம்பி காலையில் அப்பாவுடைய பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் விட்டுத்தான் போனார், அதில் விட்டுத்தான் வந்தார். வண்டி ஒரு இடத்திலும் இருமக்கூட இல்லை. மதியம் ஒன்று பத்துக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடிப்போய் வண்டியை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு மழையில் வேலை இல்லை. ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு உதை. பிறகு தம்பி மழையில் ஓடி ஒரு வேனைப் பிடித்து வருவதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்திய திருப்பத்தில் அப்பாவின் மூச்சு நின்றது.

மூன்று மணிக்குப் பணிமனையிலிருந்து வந்த ஒரிஜினல், கூடத்தில் கூடியிருந்த பத்தொன்பது பேர் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“காலையில வண்டிய எங்கடா ஓட்டின?”

“கண்ணாடிக் கடைக்குத்தாண்ணே. தெருமுனையில தண்ணி நின்னுச்சு, மெதுவாத்தான்...”

“மேக்னெட்டோவுக்குள்ள தண்ணிய விட்டு அப்பாவக் கொன்னுட்டியேடா.”

நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். ஆனால் இந்த நாக்கு எஞ்சின் விஷயத்தில் பிசகியதே இல்லை என்று ஊருக்கே தெரியும். அதனால் கூடத்தில் இருந்த எல்லோரும் நம்பிவிட்டார்கள். தம்பிக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. நிச்சயித்திருந்த பெண்ணின் மாமா நாற்பது நாள் பொறுத்து வந்து, “பெத்தவரையே ஆஸ்பத்திரி சேக்கத் தெரியாதவன் எங்க பொண்ணை எங்க கொண்டுபோய்ச் சேப்பான்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு தம்பி தனி அறைக்குக் குடிபோனார், எந்த வண்டியையும் தொடவில்லை. வேலைக்கு நடந்தே போனார், ஒரு வழிக்கு நான்கு கிலோமீட்டர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வருவார். உட்காரச் சொல்லமாட்டார்கள், கேட்டருகே நிற்பார். அண்ணி கொடுக்கும் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். ஒரிஜினல் பேச்சுக்கு ஏதாவது சொல்வதென்றால் ஒன்றைத்தான் சொல்வார். “தண்ணியில விட்டவனுக்குத் தண்ணியிலயே வேலை கிடைச்சுது பாரு.” தம்பியும் சிரிப்பார்.

மோட்டார் சைக்கிள் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரிஜினல் அதை விற்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது கையில் ஒரு சோப்புப் பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் மெழுகுத்தாள் சுற்றிய மூன்று சாமான்கள்.

“அண்ணே, தண்ணி போனா மேக்னெட்டோவுல எதெது கெடும்னு ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதி வச்சிருந்தேன். நாலு வருஷமாத் தேடறேன். எல்லாம் ஒரிஜினல்ணே. அந்தக் காலத்துப் பாக்கெட்கூடப் பிரிக்கல. நான் கெடுத்ததை நானே கொண்டாந்திருக்கேன். அந்த வண்டி ஒருதடவை ஓடிட்டா...” பெட்டியை நீட்டினார். “நீங்க என்னை மன்னிக்கலாமான்னு பாருங்க.”

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். “இத்தனை வருஷத்துல அவர் கேக்கற முதல் விஷயங்க,” என்றார் கணவரிடம்.

ஒரிஜினல் மெழுகுத்தாளைப் பிரித்தார். சாமானில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “பாக்கறேன்,” என்றார்.

மூன்று ஞாயிறு வேலை நடந்தது. முதல் வாரம் டாங்க் துருவைச் சுரண்டிக் கழுவினார். இரண்டாம் வாரம் கார்புரேட்டர், ஆயில், பிளக். மேக்னெட்டோவை மட்டும் கடைசிக்குத் தள்ளினார். மூன்றாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதைத் திறக்க உட்கார்ந்தபோது தம்பி கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“நீ கேட்கிட்ட நில்லு. நீ நிக்கற இடத்துல எதுவும் ஸ்டார்ட் ஆகாது.”

“சரிண்ணே.” அவர் போய் நின்றுகொண்டார்.

திருகாணிகளை வாங்கிப் போட அண்ணி ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பேட்டரி இல்லாத அந்தக் காலத்து வண்டிகளில் தீப்பொறிக்கான மின்சாரத்தை மேக்னெட்டோதான் உண்டாக்கும். உள்ளே சுழலும் பித்தளை வளையத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு கார்பன் பிரஷ் இருக்கும். சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. வளையத்திலிருந்து மின்சாரத்தை வாங்கிப் பிளக்குக்கு அனுப்புவது அதுதான்.

ஒரிஜினல் மூடியைக் கழற்றினார். அடியில் இருந்த ரப்பர் வளையம் கிழியாமல் இருந்தது. பித்தளையில் பச்சை பூக்கவில்லை. துருவின் பொட்டுகூட இல்லை. அந்த மேக்னெட்டோவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருந்தால் இருபத்தாறு வருடத்தில் அது எழுதாத கையெழுத்து இல்லை. வளையத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கரித்தூள் மட்டும் அப்பியிருந்தது. பிரஷ்ஷை வெளியே தட்டினார். இரண்டு துண்டாக விழுந்தது.

தட்டைப் பிடித்திருந்த அண்ணி குனிந்து பார்த்தார்.

“இது என்னங்க, டார்ச் செல்லுக்குள்ள இருக்கற கரிக்குச்சி மாதிரி இருக்கு?”

மாதிரி இல்லை, அதேதான். பக்கவாட்டில் அரத்தால் தேய்த்த கோடுகள் இருந்தன, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. அப்படித் தேய்க்கிற இடதுகை அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. அப்பா சாவதற்கு நான்கு நாள் முன்னால் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. புது பிரஷ் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அப்பாவோ வண்டி வேண்டும் என்று குழந்தைபோல நச்சரித்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரிஜினல் ஒரு செல்லை உடைத்துக் குச்சியைத் தேய்த்துப் போட்டார். மூன்று வாரம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே தெரிந்தால் பணிமனையில் தலைகாட்ட முடியாது. அந்தக் குச்சி தாங்கியது நான்கு நாள்.

இதை அவர் மறந்துவிட்டார் என்றால் பொய். இத்தனை வருடமும் அதன் பக்கமே போகாமல் சுற்றிப்போனார் என்பதுதான் மெய்.

“என்னங்க?” என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி. அவருக்கும் அரம் பிடிக்கும் கையைத் தெரியும். “அப்ப இது... தண்ணியால இல்லையா?”

ஒரிஜினல் கேட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டு துண்டையும் எடுத்துக் கட்டை விரலால் நசுக்கினார். தரையில் விழுந்த தூளைச் செருப்பால் தேய்த்தார்.

“சொல்லிடுங்க. கேட்கிட்டதான் நிக்கறார். நாலே எட்டு.”

“சொன்னா போன இருபத்தாறு வருஷம் திரும்பி வந்துடுமா?”

“வராது. மிச்சமாவது அவருக்குக் கிடைக்குமில்ல?”

“தட்டை நேராப் பிடி. திருகாணி உருளுது.”

வளையத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். தம்பி கொண்டுவந்த ஒரிஜினல் பிரஷ்ஷைப் போட்டார். பாயின்ட் இடைவெளியைத் தகடு விட்டு மூன்று முறை அளந்தார். பதினொன்றே முக்காலுக்கு வண்டியை முற்றத்துக்குத் தள்ளி வந்து உதைத்தார். முதல் உதையில் ஒரு பெருமூச்சு. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. சுவர் அதிர்ந்தது.

கேட்டருகில் தம்பி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விசும்பினார். ஒரிஜினல் எஞ்சினை நிறுத்தியதும் அங்கிருந்தே கேட்டார்.

“அண்ணே, உள்ள எப்படி இருந்துச்சு?”

அண்ணி தட்டோடு கொட்டகை வாசலில் நின்று கணவரின் வாயையே பார்த்தார்.

“எப்படி இருக்கும்? தண்ணி இறங்கி எல்லாம் பச்சை புடிச்சுக் கிடந்துச்சு,” என்றார் ஒரிஜினல். “சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. உன்னை மன்னிச்சுட்டேன்.”

தம்பி ஓடிவந்து அண்ணனின் கிரீஸ் படிந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணி வாயைத் திறந்தார். அழுகையும் சிரிப்புமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தார்.

அதற்குப் பிறகு தம்பி மாதத்துக்கு ஒருமுறை வருவதில்லை. வாரா வாரம் வருகிறார். வாளியும் துணியுமாக வந்து அந்த வண்டியைக் கண்ணாடிபோலத் துடைக்கிறார். ஓட்டுவதற்கு அவரும் கேட்டதில்லை, இவரும் கொடுத்ததில்லை. போன ஞாயிறு எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகச் சத்தம் கொடுத்தார்.

“என்னப்பா நாப்பத்திரெண்டு, இப்பெல்லாம் வண்டியத் தொட விடறாரா?”

“மன்னிச்சுட்டார்ங்க!” தம்பி நிமிர்ந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “வேற யாரா இருந்தாலும் வீட்டுப்படி ஏத்தியிருக்கமாட்டாங்க. எங்கண்ணனுக்குப் பெரிய மனசு.”

ஒரிஜினல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

“பின் சக்கரத்துல கம்பிக்கு நடுவுல அழுக்கு நிக்குது பாரு,” என்றார். “உக்காந்து துடை.”

இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் தம்பியை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சந்தோஷமாகத் தரையில் உட்கார்ந்தார்.