இருபத்திரண்டு பேருக்கும் ஒரே பேனா

எங்கள் மருத்துவமனை கேளம்பாக்கத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே எனக்கும் ஒரு பயிற்சி முகாம் வைத்துவிடுவார்கள். நான் உம்மு சல்மா, கீழ்த்தளத்து மருந்தகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். சொல்லப்போவது மூன்றாவது மாடி ஆபரேஷன் வார்டின் இன்சார்ஜ் நர்ஸ் ரெஜினாவைப் பற்றி.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் செங்கல்பட்டில் சர்ச் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் என்பதால், வேலையில் யாரும் தன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி. பத்தொன்பது வருடத்தில் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு வந்து காய்ச்சல்காரருக்கு ஊசி போட்டிருக்கிறாள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தரச்சான்று கொடுக்க ஆய்வுக்காரர்கள் வரும் வாரத்தில், பதிவேடுகளில் விடுபட்ட கட்டங்களையெல்லாம் இன்சார்ஜ்தான் உட்கார்ந்து நிரப்புவாள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, நிரப்பிய கட்டத்தில் குறை தெரியக் கூடாது. ‘நோயாளி நலம், புதிய உபாதை இல்லை’ என்று ரெஜினாவின் கை தானாகவே எழுதும்.

போன வருடம் எங்கள் எச்.ஆர். மேனேஜர் கலைவாணன் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய் ‘பர்ன் அவுட்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊழியர்கள் களைத்துப்போகிறார்களாம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு விமான டிக்கெட் தேவைப்பட்டது. லிப்டில் ஏறி மூன்றாவது மாடிக்கு வந்திருந்தால் போதும்.

மருந்தாக அவர் தேர்ந்தெடுத்தது திருவிடந்தை கடற்கரையில் ஒரு ரிசார்ட். வார லீவு நாளில் எல்லா நர்சுகளும் கட்டாயம் வர வேண்டும். இரவு டூட்டி முடித்தவர்களையும் அப்படியே வேனில் ஏற்றினார்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லோரையும் பாயில் படுக்கவைத்து, “உங்களுக்குள் ஒரு கடல் இருக்கிறது, அதைக் கேளுங்கள்” என்றார். இரண்டே நிமிடத்தில் அத்தனை பேரும் குறட்டை விட்டார்கள். ‘பங்கேற்பாளர்கள் ஆழ்ந்த அமைதி நிலையை எட்டினர்’ என்று அறிக்கையில் போட்டோவோடு வந்தது.

அடுத்த வாரம் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் வெறுமையாக உணர்கிறீர்களா? வேலைக்குக் கிளம்பும்போதே சோர்வாக இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து கட்டங்கள். படிக்கக்கூட யாருக்கும் நேரம் இல்லை. வழக்கம்போல வார்டு ஊழியர்கள் இருபத்திரண்டு பேரும் தங்கள் படிவத்தை ரெஜினாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். இது ஆய்வுக்காரர்களுக்கான காகிதம் இல்லை, நம்மைப் பற்றி நம்மையே கேட்கிறார்கள் என்று அந்த மகாராணிக்குத் தோன்றவே இல்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றிலும் ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் அடித்துக் கையோடு கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது மாடிக்குக் கோப்பை கிடைத்தது. மாவட்டத்திலேயே மனஉறுதி மிக்க வார்டு என்று கலைவாணன் மேடையில் முழங்கினார். மாவட்டத்தை எப்போது அளந்தாரோ தெரியாது. கோப்பை வந்த பத்தாம் நாள் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இந்த வார்டு ஊழியர்கள் இவ்வளவு தெம்பாக இருப்பதால், ஒவ்வொரு ஷிப்டிலும் மூவராக இருந்த நர்சுகள் இனி இருவர். மிச்சமான நர்சுகள் புதிய உடல் பரிசோதனைப் பிரிவுக்கு. வார்டில் இருந்தது முப்பது படுக்கை.

முதலில் கேட்டது அந்த வார்டின் ரூத் என்ற சின்ன நர்ஸ்தான். நானும் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா, நான் டெய்லி பஸ்ல அழுதுகினே வூட்டுக்குப் போறேன். எனக்கும் சேத்து நீங்க ஏன் இல்லன்னு போட்டீங்க?”

பதிலுக்குப் பதிலாக ரெஜினா வேலை செய்தாள். மூன்றாவது ஆளின் இடத்தில் தானே ஓடினாள். வண்டலூரில் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போக இரவு ஒன்பது மணியானது. “ஏண்டி செத்துப்போறே, போய் உண்மையைச் சொல்லு” என்றேன். “இன்சார்ஜே பொய் எழுதிச்சுன்னு பேராயிடும் சல்மா” என்றாள். பெயராம் பெயர்!

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு காலையில் பதினேழாம் படுக்கைக்கு எடுத்த இன்சுலினோடு பதினான்காம் படுக்கைக்குப் போய் நின்றாள். அங்கே இருந்தவர் சீனு என்ற மீனவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவர்.

“கைய நீட்டுங்கண்ணே, சக்கரை ஊசி.”

“எனக்கு இன்னாத்துக்கும்மா சக்கரை ஊசி? எனக்குத்தான் சக்கரையே இல்லியே!”

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, நேராகக் கீழே இறங்கி என்னிடம் வந்தாள். “அந்த மன்சன் தூங்கிகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அன்றே தன் கையால் எழுதினாள். ஊசியை ஆள்மாற்றிப் போடவிருந்ததையும், படிவங்களை நிரப்பியது தான்தான் என்பதையும் எழுதி, வார்டுக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்று முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டுக் கலைவாணன், “அப்போ பிரச்சினை வார்டுல இல்ல சிஸ்டர், உங்ககிட்டதான் இருக்கு” என்றாராம்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. காலை ஷிப்டுக்கு மட்டும் மூன்றாவது நர்ஸ் பணியிடம் அனுமதிக்கப்பட்டது. அந்த மூன்றாவது நர்ஸ் ரெஜினாவேதான். இன்சார்ஜ் என்ற பதவியே எடுக்கப்பட்டு, மூன்று மாடிகளுக்கும் சேர்த்து ஸ்ரீதேவி என்ற ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். புதிதாக ஒரு ஆளைக்கூட எடுக்காமல் கேட்டதைக் கொடுத்துவிட்ட சாமர்த்தியத்துக்கு அந்தக் கோப்பையை எடுத்துக் கலைவாணனிடமே கொடுக்கலாம்.

நான் கொதித்துப்போய் மேலே ஏறினேன். காலை டூட்டி முடிந்து ரூத்தும் ரெஜினாவும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது மேஜைப் போன் அடித்தது, ரெஜினா எடுத்தாள். சாயந்திர ஷிப்டில் ஒருத்தி வரவில்லை, ரெஜினா இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கலைவாணன் பேசினார். அவர் குரல் வெளியே கேட்டது. “ஒரு நாள்தானே சிஸ்டர், உங்களால முடியாததா?”

“முடியாது சார்,” என்றாள் ரெஜினா. இந்தப் பதினோரு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “எனக்கு ரொம்ப டயர்டா கீது. இப்போ நான் ஊசிய எடுத்தா யாருக்குப் போடுவேன்னு எனக்கே தெரியாது. எழுதிக் குடுத்தேனே, படிச்சீங்கல்ல?”

போனை வைத்தாள். வார்டுக்கு வந்திருந்த ஸ்ரீதேவியிடம் படுக்கை படுக்கையாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, ரூத்தோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

வராதவளின் இடத்தில் அன்று ஸ்ரீதேவியே நின்றார். நர்சிங் படித்தவர்தான், ஆனால் நேற்றுவரை அவர் பார்த்தது மேஜை வேலை. மாலை ஆறு மணிக்கு மருந்து வாங்க என்னிடம் வந்தவர், ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டே கலைவாணனுக்குப் போன் போட்டார்.

“சார், ரெண்டு பேரால முடியல. மூணாவது ஆள் உடனே வேணும்.”