கடைசிக் கிளிப்பில் தொங்கிய சட்டை

எங்கள் கடையில் விற்காத சட்டை வீட்டுக்கு வந்துவிடும். அதனால் நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் என் முதுகில் மச்சானின் பெயர்தான். குளியலறைக் குழாயைச் சரிசெய்தாலும் சரி, குப்பைத் தொட்டி விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனாலும் சரி, அதே பெயர். பெண்டாட்டியின் தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்காக முதுகில் சுமந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இது என் மனைவியின் கதை, என் குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், சாவி செய்கிறவருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. விளையாட்டுச் சட்டைகளில் பெயர் ஒட்டுவது தொழில். இஸ்திரிப் பெட்டிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு மெஷின் இருக்கிறது. ஸ்டிக்கர் தாளில் எழுத்தை வெட்டி, வேண்டாத துண்டுகளை இடுக்கியால் பிடுங்கி, சட்டையின் மேல் வைத்துச் சூட்டோடு அழுத்த வேண்டும். ஒட்டினால் ஒட்டியதுதான். பிரிக்கப் பார்த்தால் துணியும் கூடவே வந்துவிடும்.

கால்பந்து உலகக் கோப்பைக்கு நம் நாட்டு அணியை அறிவிக்கிற நாளில் கடைவாசலில் ஜனம் மோதும். பெயர் போட்ட சட்டை அந்த நிமிஷமே கையில் வேண்டும். "நாளைக்கு வாங்க" என்றால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒட்ட ஆரம்பித்தால் கோப்பையே முடிந்துவிடும். அதனால் யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துப் பெயர்களை ஒட்டி வைத்துவிடுவோம். எண் மட்டும் பிறகு.

நட்சத்திர ஆட்டக்காரர்களைக் கணிக்க மூளை தேவையில்லை, தெருவில் போகிறவரும் சொல்லிவிடுவார். எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் ஓரத்தில் நிற்கிறவர்கள். முதல் தடவை அணிக்கு வருகிற பையனுக்கு ஒரு சித்தப்பா இருப்பார், அத்தைகள் இருப்பார்கள், ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இருப்பான். அத்தனை பேரும் அவன் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு அன்றைக்கே தெருவில் நடக்க வேண்டும். தொலைக்காட்சியில் பெயரைப் படித்து முடிப்பதற்குள் சித்தப்பா எங்கள் படியில் நிற்பார். அவர் கேட்கிற சட்டை தயாராக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் வித்தை.

வித்தை என்னுடையது இல்லை, அவளுடையது. தெருவில் அவளுக்குப் பெயரே செலக்டர் அக்கா. கடையின் உள்சுவரில் ஒரு கயிறு கட்டி, அதில் துணி காயப்போடுகிற கிளிப்புகளை இருபத்தாறு மாட்டியிருக்கிறாள். கோல்கீப்பர்களில் ஆரம்பித்து முன்களம் வரைக்கும் இடம்வாரியாக ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு வெறும் சட்டை, அதில் பெயர் எழுதிய ஒரு துண்டுத்தாள். அறிவிப்புக்கு மாதக்கணக்கில் இருக்கும்போதே ஒவ்வொருவராக ஏறுவார்கள், இறங்குவார்கள். ஆட்டத்தைப் பார்க்கும்போது அவள் பந்தைப் பார்க்க மாட்டாள். தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் பயிற்சியாளர் யார் தோளில் கை போடுகிறார், மாற்று ஆட்டக்காரர்களில் யாரை முதலில் எழுப்புகிறார் என்றுதான் பார்ப்பாள். "காயம் சின்னதுதான்னு ஒரு தடவை சொன்னா சின்னது. மூணு தடவை சொல்றான் பாருங்க, இவன் வரமாட்டான்" என்று சட்டையைக் கிளிப்பிலிருந்து உருவுவாள். எனக்குப் பிடித்த நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனை இப்படி ஈவு இரக்கமில்லாமல் உருவினாள். நான் அன்றைக்குச் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டேன். அவள் சொன்னதுதான் நடந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கிளிப்பில் மட்டும் கண் தெரியாது. தடுப்பாட்டக்காரர்கள் வரிசையில், இடது ஓரத்தில் கடைசிக் கிளிப். அங்கே எப்போதும் அவள் தம்பிதான் தொங்குவான்.

அவனை வீட்டில் சின்னவன் என்போம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். எனக்குக் கல்யாணமான புதிதில் அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான் வீட்டோடு மாப்பிள்ளை என்பதால் அவன் உதைக்கிற பந்துகளை எல்லாம் மொட்டை மாடியிலிருந்து எடுத்துப் போடுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இடது காலால் உதைப்பான். நன்றாகவே ஆடுவான், பொய் சொல்லக் கூடாது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இளையோர் அணியில் சேர்ந்தான். அங்கிருந்து அவனை நீக்கிய அன்று என் மாமனாருக்கு வந்த கோபத்தில், "படிப்பும் இல்ல, ஆட்டமும் இல்ல. அணியில இடமில்லாதவனுக்கு என் வீட்டுல தட்டும் கிடையாது" என்றார். வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் அது தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற குடும்பம். "நாட்டு அணியில என் பேர் வர்ற அன்னைக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தூக்கினான். கடல் தாண்டி எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தான். போனவன் போனவன்தான்.

அவன் போன பிறகு வந்த முதல் உலகக் கோப்பைக்கு அவன் பெயரை அவள் மாட்டியது பைத்தியக்காரத்தனம் இல்லை. பத்திரிகைகளிலேயே அவனைப் பற்றி ஓர் ஓரத்தில் எழுதினார்கள். அவள் சந்தோஷத்தில் அவன் சட்டையை அடுக்கடுக்காக அடித்துத் தள்ளினாள். எடுக்கவில்லை. அறிவிப்பு முடிந்ததும் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எத்தனை மிச்சம்?"

"மாமாவுக்கு ரெண்டு வருஷத்துக்குப் புதுத்துணி எடுக்க வேண்டாம்டா" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனை வைத்த பிறகு அவள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்த கோப்பையின்போது அவன் இரண்டாம் நிலை கிளப்பில் இருந்தான். அதற்கடுத்த கோப்பையில் அங்கேயும் பாதி நாள் பெஞ்சில். அந்த வருஷம்தான் அணியில் இருபத்து மூன்று பேர் என்றிருந்ததை இருபத்தாறாக ஏற்றினார்கள். செய்தியைக் கேட்டதும் அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, "அப்பா, மூணு இடம் கூடியிருக்குப்பா!" என்று கத்தினாள். மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அன்றைக்கு விளையாட்டுச் செய்தி முடிகிற வரைக்கும் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தத் தடவையும் எடுக்கவில்லை. மறுபடியும், "அக்கா, எத்தனை மிச்சம்?" மறுபடியும் எனக்குப் புதுத்துணி.

அதற்குப் பிறகு மாமனார் போய்ச் சேர்ந்தார். சின்னவன் வரவில்லை. போன் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான். யார் முன்னால் சபதம் போட்டானோ அவர் இல்லை, சபதம் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்ன செய்வது, வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினால் அவன் பெயரைத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தத் தடவை கிளிப்புகள் நிரம்பத் தொடங்கியபோது நான் வழக்கமான கிண்டலை எடுக்கவில்லை. சின்னவனுக்கு முப்பத்து மூன்று வயது, முழங்காலில் அறுவை சிகிச்சை வேறு. அவன் வரமாட்டான் என்று எனக்கே தெரிந்தது, செலக்டர் அக்காவுக்குத் தெரியாமலா? ஆனாலும் கடைசிக் கிளிப்பில் அவன்தான் தொங்குவான் என்று நினைத்து, என் பழைய வீட்டுச் சட்டைகள் இரண்டைத் துடைப்பதற்குக் கிழித்துவிட்டேன். புதுச் சரக்கு வரப்போகிறதே.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். கடைசிக் கிளிப்பில் புதிதாக ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் தொங்கியது.

"இது யாரு?" என்றேன்.

"இடது காலு. நல்லா ஓடுறான்."

"நம்மாளு?"

அவள் இடுக்கியால் எழுத்துத் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். "அந்த இடத்துக்கு இந்தப் பையன்தாங்க" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷமாக எதற்காக அவளைக் கிண்டல் செய்தேனோ, அதை அவள் விட்டுவிட்டதும் எனக்கே பொறுக்கவில்லை. அவள் தேநீர் வாங்கப் போன நேரத்தில் மெஷினைச் சூடாக்கி, சின்னவன் பெயரில் ஒரே ஒரு சட்டை அடித்தேன். அவசரத்தில் கையில் கிடைத்தது மீடியம் அளவு. என் உடம்புக்கு அதில் ஒரு கைகூட நுழையாது. அதைக் காலி அட்டைப் பெட்டிக்குள் திணித்து வீட்டில் மற்ற பெட்டிகளோடு கொண்டுபோய்ப் போட்டேன். ஒருவேளை எடுத்துவிட்டால் ஒன்றாவது வேண்டாமா?

அறிவிப்பு நாள் வந்தது. கடைச் சுவரில் தொலைக்காட்சி, வாசலில் பாதித் தெரு. பயிற்சியாளர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். கோல்கீப்பர்கள் சரி. தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொருவராகச் சரி. இடது ஓரத்துக்கு அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் பெயரைப் படித்தார். சாவிக்காரர் கை தட்டினார். நடுக்களம், முன்களம், கடைசிப் பெயர் வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தக் கோப்பைக்கும் அவளுக்கு ஒன்று தப்பியே தீரும். இந்தத் தடவைதான் முழுசாக வந்தது. தெருவே அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. பையனின் சித்தப்பா அதற்குள் படியேறி வந்து, குடும்பத்துக்கே சட்டை கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் குறைந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பாயிடணும்னு வேண்டிக்கிட்டேங்க. ஒருத்தனாவது தப்பாகணும்னு. அந்த ஒரு இடமாவது" என்றாள்.

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

கடையைக் கூட்டுகிற நேரத்தில் போன் வந்தது. அவள் கையெல்லாம் ஸ்டிக்கர் துணுக்குகள், அதனால் நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அக்கா, எத்தனை மிச்சம்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ஒண்ணுமில்லடா."

"அட! வித்துப்போச்சா? எந்தப் புண்ணியவான் வாங்கினான்?"

"அடிக்கவே இல்லடா."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் விசில் ஊதினார்கள், பந்து சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

"நீயும் கழட்டி விட்டுட்டியாக்கா?" என்றான். முப்பத்து மூன்று வயதுக் குரல் இல்லை அது.

"ஆமாண்டா" என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. "பேர் வந்தாத்தான் வருவேன்னு நீ சொன்னே. வரும், வரும்னு நானும் மாட்டிக்கிட்டே இருந்தேன். உன்னை அங்கேயே நிக்க வச்சது நான்தாண்டா. இனிமே வராது. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. இப்ப நீ வீட்டுக்கு வரலாம்."

"அப்பாகிட்ட சொல்லிட்டு வந்தேனேக்கா."

"தட்டு கிடையாதுன்னு சொன்ன மனுஷன், உன் தட்டுல யாரையும் சாப்பிட விடலடா. இந்த மாமா ஒரு நாள் தெரியாம எடுத்துட்டாருன்னு வாங்கிக் கட்டிக்கிட்டாரு, கேட்டுப் பாரு."

"ஆமாம் மச்சான், பாதிச் சாப்பாட்டுல பிடுங்கிட்டாரு" என்றேன். உண்மைதான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. பிறகு, "என் ரூம் இருக்காக்கா?" என்று கேட்டான்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

அந்த அறையில் கூரை முட்ட விற்காத சட்டைப் பெட்டிகள் இருப்பதும், கதவையே பாதிதான் திறக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும்.

"பார்க்கலாம்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். என் மாமனார் அறுபது வருஷம் அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தினார். ஆனால் அவளுக்கு அது டிக்கெட் எடுத்துவிட்ட மாதிரி காதில் விழுந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தாள்.

"இத்தனை பெட்டியையும் எங்கேம்மா வைக்கிறது?"

"உங்க தலைமேல வைங்க."

தலையில் வைத்துத்தான் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கொண்டு போனேன். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கட்டில் வந்தது, பிறகு ஜன்னல் வந்தது. நான் திரும்பி வந்தபோது அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் நான் அடித்த சட்டை. முதுகில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் எழுத்து கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது, அதிலேயே யார் வேலை என்று தெரிந்திருக்கும். பிறகு கழுத்துப் பட்டையைத் திருப்பி அளவைப் பார்த்தாள்.

"இது உங்களுக்குச் சேராதே" என்றாள்.

"சேராது."

அவள் சட்டையை உதறி, மடித்து, கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். அது சுருங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"இருக்கட்டும்" என்றாள். "வந்தா வீட்டுல போட்டுக்கட்டும்."