அருவியின் கடைசித் துண்டு

பாலக்கரை வீட்டு முன்னறையில் பெயின்டர் வால்பேப்பரை நனைத்துச் சுரண்டியதும், பழைய மைதாப் பசையின் புளித்த வாடை எழுந்தது.

சவூதியிலிருந்து லீவில் வந்தபோது அத்தா ஒட்டிய அருவிப் படம் அது. மொத்தம் எட்டுத் துண்டுகள். ஏழாவதை ஒட்டி முடித்தபோது பசை தீர்ந்தது. வாசலில் ஏர்போர்ட் கார் ஹாரன் அடித்தது. அருவி அந்தரத்தில் நின்றது.

"தண்ணி எங்கம்மா விழுது?" என்று கேட்டேன்.

"அத்தா வந்து ஒட்டுவாங்க, அப்பப் பாத்துக்க."

அத்தா வரவில்லை. அங்கேயே அடக்கிவிட்டதாகப் போன்தான் வந்தது. மீதித் துண்டை அம்மா தான் கண்மூடி மவுத்தாகும்வரை யாரையும் தொடவிடவில்லை.

"பீரோ மேல ஒரு சுருள் கிடக்கு பாய். தூக்கிப் போட்டுரவா?" என்றார் பெயின்டர்.

"போட்டுருங்க" என்றேன்.

விரித்துப் பார்க்கவில்லை.