துரையின் காரில் ஏறாதவர்

என் கணவர் நைஜீரியாவுக்குப் போகலாமா கூடாதா என்ற பேச்சு எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டத்தில் முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை, அந்த நாட்டு மலையில் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். கொழுந்து காய வைக்கும் மெஷினுக்கு என் கணவர்தான் வேண்டும் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மூலம் சொல்லி அனுப்பினார். இங்கேயே இருந்தால் என் கணவர் கடைசிவரை உதவி ஃபிட்டர்தான். அங்கே ஃபேக்டரியே அவர் கையில். அவருக்குப் போக ஆசை. எனக்கு அவர் உயிரோடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பூவைப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டுக் கேட்கலாம் என்றேன்.

"ஆத்தாளுக்கு நைஜீரியா எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று சிரித்தார்.

கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய என் அண்ணன், ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் எங்களை அழைத்துப் போனான். பாயின் தம்பி கப்பலில் சமையல்காரர். அந்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்கியவர்.

"மோதிரம் சங்கிலி போட்டுட்டு வெளிய நடக்கக் கூடாதாம்," என்றார் பாய். "பொழுது சாஞ்சா ரோட்டுல வண்டி ஓட்டக் கூடாதாம். ஆர்மிக்காரன் மறிச்சா கையத் தூக்கிட்டுச் சும்மா நிக்கணுமாம். மத்தபடி பயமில்லலா."

"இதுக்கு மேல என்ன பாய் வேணும்?" என்றான் அண்ணன். "மச்சான், பேசாம எங்கூட முட்டைக்கோஸ் ஏத்த வந்துடுங்க."

"ஒன் லோரியில ஏறுறதுக்கு நைஜீரியா தேவலாம்," என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மாமனார் அந்தக் காலத்தில், இவருக்கு முன்பிருந்த வேறொரு துரையின் கார் ஓட்டியவர். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. தாப்பா ரோட்டில், ஒரு வளைவில், துப்பாக்கிக் காவலோடு போன துரையைக் குறிவைத்துச் சுட்டதில் மாமனார் வண்டியிலேயே உயிரை விட்டார். பின்னால் துப்பாக்கி எதுவும் இல்லாமல் வந்த தோட்டத்து லோரியை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அதிலிருந்து எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். கொட்டும் மழையில் துரை ஜீப்பை நிறுத்திக் கூப்பிட்டாலும், "வீடு கிட்டதான் துரை" என்று சொல்லி நடந்துவிடுவோம். காட்டில் சண்டை ஓய்ந்த பிறகும் அது போகவில்லை.

திரும்பும் வழியில் இவர் அண்ணனிடம் சொன்னார்: "பகல்ல மட்டும் போவேன். மோதிரம் எங்கிட்ட ஏது? தொரை காடியில ஏற மாட்டேன். அப்பறம் என்ன?"

அண்ணனும் அது சரியென்றே சொன்னான். எனக்கும் மனம் கொஞ்சம் அடங்கியது.

அவர் நைஜீரியாவுக்குப் போன மறுவருடம், நான் கொழுந்து நிறுக்க நின்றபோது கிராணி வந்து ஆபீசுக்கு வரச் சொன்னார். உள்ளே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்த ஆபீசில் யாரும் நாற்காலி போட்டதில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வழியில் கொள்ளைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள், அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்றார்கள்.

சில மாதம் கழித்து அந்தத் துரை விடுமுறையில் வந்தார். நேராக எங்கள் லயத்துக்கு வந்து, அண்ணன் கொண்டுவந்து போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். தெரிந்த தமிழில் சொன்னார். மெஷின் சாமான் எடுக்க டவுனுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது துரை காரில் போலீஸ்காரர் இருவர், துப்பாக்கியோடு. பின்னால் சாமான் ஏற்றிய லோரி. பட்டப்பகல். கொள்ளைக்காரர்கள் காரைப் போகவிட்டு லோரியை மறித்திருக்கிறார்கள்.

"அவன் லோரிலே," என்றார் துரை. "நான் கூப்ட்டேன். என் பக்கத்திலே எடம் இருந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டான், வரலே. ஏன் வரலே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். துரை அவனை விட்டு என்னைப் பார்த்தார். அவரிடம் அதுவரை நான் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒங்க காடியில துப்பாக்கி இருந்துச்சுல்ல தொரை," என்றேன். "அதான் ஏறல."

அவருக்குப் புரியவில்லை. "துப்பாக்கி இருந்தா நல்லதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் இந்த மலைக்கு வந்தது சண்டையெல்லாம் முடிந்த பிறகு. அண்ணன் எழுந்து லோரியைப் பார்க்கப் போவதுபோல வெளியே போய்விட்டான்.