கண்ணாடியில் பாதி கடல்

இந்த குரூப்பில் எல்லாரும் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். நீளமாகிவிட்டால் மன்னிச்சுக்கோங்க...

பாலிஷில் கலக்கும் தின்னர் வாடை. அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. கூடவே கருவாட்டு வாடையும்.

டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்கள். வாப்பா மேலப்பாளையத்தில் மரத்துக்கு பாலிஷ் போடுகிறவர். அவர் போட்ட கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். திசையன்விளை தாண்டி, கடற்கரையில், ஒரு புதுப் படகின் டிரைவர் கேபினுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டப்பாவில் இருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்ல என்னையும் கூட்டிப் போனார்.

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு நீளப் பலகை. மூன்று நாள் பாடுபட்டு அதை மட்டும் பளபளப்பாக முடித்திருந்தார். படகு முதலாளி சரி என்றால் கேபின் முழுக்க அதுதான்.

"கல்யாண வீட்டுக் கதவு மாதிரில்லா மின்னுது, பாய்!" என்றார் முதலாளி.

வாப்பா முகத்தைப் பார்க்கணுமே...

டிரைவர் அண்ணன் மட்டும் பேசவில்லை. ஸ்டீயரிங் பக்கம் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் போய் நானும் பார்த்தேன். வெயில் பலகையில் விழுந்து, கண்ணாடி முழுக்கப் பலகையின் பிம்பம்தான் தெரிந்தது. கடலைக் காணோம்.

சொன்னால் வாப்பாவின் மூன்று நாள் வேலை போச்சு. அதுவும் நாலு பேர் முன்னால், மகள் வாயாலேயே. சொல்லாவிட்டால் இந்த அண்ணன் எதைப் பார்த்து ஓட்டுவார்?

"அப்ப இதையே முடிச்சிருங்க பாய்." முதலாளி படகிலிருந்து இறங்க ஏணியில் கால் வைத்துவிட்டார்.

என் கையில், வாப்பா காட்டக் கொண்டுவந்த இன்னொரு சாம்பிள் பலகை இருந்தது, மின்னாத மேட் பாலிஷ் போட்டது. அதைப் பைய எடுத்து, அந்தப் பளபளப்பில் பாதியை மூடி வைத்தேன்.

கண்ணாடியில் பாதி கடல். பாதி பலகை.

"இதத்தான் அண்ணாச்சி, சொல்லத் தெரியாம முழிச்சிட்டு நிக்கேன்" என்றார் டிரைவர்.

முதலாளி திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "ஏலே, பலகையப் பாத்துக்கிட்டே பாறையில ஏத்திருப்பியேலே!"

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து, தான் போட்ட பளபளப்பைத் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பஸ் திசையன்விளை தாண்டியதும் வாப்பா, "ஏளா, அத என் காதுல சொல்லிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நானும் ஆபீஸ் போகிறேன். யார் வேலையிலாவது தப்பு தெரிந்தால், மீட்டிங்குக்கு முன்னாலேயே அவர் காதில் சொல்லிவிடுகிறேன். வாப்பா மட்டும் அந்த கேபினை இன்னமும் "நான் கெடுத்த வேலை" என்றுதான் சொல்கிறார். மேட் பாலிஷிலேயே அதை முடித்துக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்...

அந்தக் கடற்கரைப் பக்கம் யாராவது இருக்கீங்களா? படகு வெளியே பச்சை, கேபின் உள்ளே மின்னாத தேக்கு நிறம். டிரைவர் நிற்கிற இடத்தில் நின்று, கண்ணாடி வழியாக ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?

கடல் முழுசாகத் தெரியணும். வாப்பாவிடம் காட்டணும்.