கடைவாய்ப் பல்லும் கழுத்துச் சங்கிலியும்

என் எச்சிலை என்னால் விழுங்க முடியவில்லை. பயம் அங்கேதான் தொடங்கியது. சோறு இறங்காவிட்டால் கஞ்சி குடிக்கலாம். கஞ்சியும் இறங்காவிட்டால் தண்ணீர் குடிக்கலாம். வாயில் ஊறுகிற எச்சிலே இறங்காவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? பித்தளை டம்ளரை மடியில் வைத்து அதில் வடியவிட்டேன். காலை ஏழிலிருந்து பத்துக்குள் மூன்று டம்ளர்.

மாரியம்மாவை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, இது 1976ஆம் வருடம், தீபாவளிக்கு அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை நடந்தது. ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கிராணி. வயது ஐம்பத்திரண்டு. கொழுந்து நிறுத்து எழுதுவது என் வேலை. எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. படி ஏறினால் படியை எண்ணுவேன், வெண்டைக்காய் நறுக்கினால் துண்டை எண்ணுவேன். என் மனைவி பார்வதிக்கு இது பெரிய கேலி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தை. தோட்டத்து ஆசுபத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஜோசப் இரண்டு மாதம் முன்பே பார்த்துவிட்டு, "பிடுங்கிரணும் ஐயா, விட்டா சீழ் கட்டும்" என்று சொல்லியிருந்தார். பல் பிடுங்கும் குறடு என்றாலே எனக்குப் பயம். இரண்டு தடவை நாள் குறித்துக் கொடுத்தார். இரண்டு தடவையும் போகவில்லை. கிராம்புத் தைலத்தை வைத்து அமுக்கிக்கொண்டேன். பார்வதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீபாவளி அதிரசம் அந்தப் பல்லைக் கிளறிவிட்டது. வியாழக்கிழமை காலையில் தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. பார்வதி தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இது பொன்னுக்கு வீங்கி. அம்மா வந்திருக்கா."

எனக்கு உள்ளூர நிம்மதி. பொன்னுக்கு வீங்கி என்றால் டாக்டர் வேண்டாம், குறடு வேண்டாம். கழுத்தில் தங்கம் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தால் போதும். நம் பழக்கம் அதுதானே. அவள் தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள். வேப்பமரம் இந்தக் குளிரில் வளராது. காய்கறி லாரி ஓட்டும் ராசுவிடம் சொல்லிவிட்டோம். கோலா தெர்லாவிலிருந்து தினமும் கோசு ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியே கீழே தாப்பாவுக்கு இறங்குகிறவர். அன்று மாலையே ஒரு கொத்து வேப்பிலை கொண்டுவந்தார். வாசலில் செருகினோம். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள்.

வியாழன் அன்று சங்கிலிக்கும் கழுத்துக்கும் நடுவே நான்கு விரல் போனது. வெள்ளிக்கிழமை இரண்டு. சனிக்கிழமை காலையில் ஒன்றும் போகவில்லை. வீக்கம் இடது பக்கமும் பரவியிருந்தது. நாக்கு மேலே எழும்பி அண்ணத்தில் முட்டியது. அதற்குக் கீழே விரலை விட்டால் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. பேசப் போனால் கொழகொழவென்று ஒரு சத்தம். படுத்தால் மூச்சு நின்றது. எழுந்து உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். முப்பத்திரண்டு. அரை மணி கழித்து முப்பத்தெட்டு.

சாகப் போகிறேன் என்று தெரிந்தது. மூன்று நாளும் நான் அம்மாவிடம் பிரார்த்தனை செய்யவில்லை. எப்படிச் செய்வது? அவள் பெயரைச் சொல்லித்தானே ஒளிந்துகொண்டிருந்தேன். அன்று பத்து மணிக்கு மனசுக்குள் சொன்னேன்: அம்மா, நான் பயந்தாங்கொள்ளி. சொத்தைப் பல்லை உன் தலையில் போட்டேன். என்னை மன்னித்து யாரையாவது அனுப்பு.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜோசப்பின் குரல்.

"யாருக்குக்கா அம்மை?"

"கிராணிக்குத்தான். பொன்னுக்கு வீங்கி," என்றாள் பார்வதி.

"இந்த வயசுலயா? சரிக்கா, நான் சிலுவைக்காரன், உள்ளே வந்தா நீங்க சங்கடப்படுவீங்க. தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் வந்து பார்க்கறேன்லா."

அவர் திரும்புகிற சத்தம் கேட்டது. கத்த முயன்றேன். வரவில்லை. டம்ளரைச் சுவரில் அடித்தேன்.

"என்னக்கா சத்தம்?"

"டம்ளரை எண்ணிக்கிட்டு இருப்பாரு. வேற என்ன வேலை அவருக்கு?"

எழுந்தேன். கட்டிலிலிருந்து வாசல் ஒன்பது எட்டு. அம்மா வந்த வீட்டு வேப்பிலையைத் தொட்டு எடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு கையாலும் பிய்த்துக் கீழே போட்டேன். பார்வதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாயிலிருந்து எச்சில் வடிய, ஜோசப்பைப் பார்த்து என் வலது தாடையைக் காட்டினேன்.

அவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. தாடைக்கு அடியில் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"அந்தப் பல்லா ஐயா?"

தலையாட்டினேன்.

"எந்தப் பல்லு?" என்றாள் பார்வதி. சங்கிலியின் கொக்கி சதைக்குள் புதைந்திருந்தது. அவள் குனிந்து, கொக்கியைத் தன் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. அந்த நேரம் ராசுவின் லாரி கோசோடு இறங்கி வந்தது. வேப்பிலை கொண்டுவந்த அதே லாரி. என்னை அதில் ஏற்றினார்கள்.

"படுக்கவே கூடாது," என்றார் ஜோசப். "முன்னால குனிஞ்சே இருங்க. படுத்தா நாக்கு பின்னால விழுந்து அடைச்சிரும்."

தாப்பா வரைக்கும் வளைவுகள்தான். ஒரு வளைவுக்கு ஒரு தடவை அம்மா பெயரைச் சொல்வதென்று வைத்துக்கொண்டேன். நூற்றுப் பன்னிரண்டு வரை நினைவிருக்கிறது. பிறகு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. என் வாழ்க்கையில் அதுவரை அப்படி நடந்ததில்லை. இனி நீயே எண்ணிக்கொள் என்று அவளிடம் விட்டுவிட்டேன். ஜோசப் என் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் ஜெபத்தைச் சொன்னார். மூச்சு வந்துகொண்டே இருந்தது.

கீழே ஆசுபத்திரியில், உட்கார்ந்தபடியே மரக்க ஊசி போட்டு, தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறினார்கள். சீழ் வந்தது. அந்தப் பல்லையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் முதல் வாய்த் தண்ணீரை விழுங்கினேன். விழுங்கிவிட்டு அழுதேன்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நாக்குக்கு அடியில், தாடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தொட்டில் துணி கட்டியதுபோல் ஒரு தசை இருக்கிறதாம். வாய்க்குத் தரையே அதுதான். கடைவாய்ப் பல்லின் வேர் அந்தத் துணிக்கும் கீழே போகிறது. அதனால் சீழ் வாய்க்குள் உடையாமல் அடியில் பரவி, நாக்கை மேலும் பின்னுமாகத் தள்ளுகிறது. நாக்கின் வேருக்குப் பின்னால்தான் மூச்சுக்குழாயின் வாசல். பொன்னுக்கு வீங்கி காதுக்குக் கீழே கன்னத்தில் வீங்கும், இப்படி நாக்கைத் தூக்காது என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பதினோராம் நாள் வீடு திரும்பினேன். பார்வதி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "முப்பத்திரண்டு பல்லுல ஒண்ணைக் கொடுத்துட்டு உசிரோட வந்தீங்க. மிச்சத்தையும் எண்ணி வச்சுக்குங்க" என்றாள். சங்கிலியின் கொக்கியைச் சரிசெய்து, தோட்டத்துக் கோயிலில் அம்மா கழுத்தில் போட்டோம். அங்கே நான்கு விரல் தாராளமாகப் போகும்.

இப்போது எனக்கு அறுபத்து நான்கு. இன்னும் பயந்தவன்தான், இன்னும் எண்ணுகிறவன்தான். ஆனால் வலியை மறைப்பதில்லை. உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: அம்மாவை முழுசாக நம்புங்கள். நம்பி அழைத்தபின், அவள் அனுப்பும் ஆளை வாசலில் நிறுத்தாதீர்கள். அவர் சிலுவை போட்டுக்கொண்டும் வருவார், கையில் குறடு வைத்துக்கொண்டும் வருவார்.

வெள்ளிக்கிழமைதோறும் பூசாரி என் கையில் தீர்த்தம் ஊற்றுகிறார். நாக்கு தாழ்கிறது, தொண்டை திறக்கிறது, தண்ணீர் இறங்குகிறது. அதை மட்டும் நான் எண்ணுவதில்லை.