பப்பரக்கா நாயகம்

டப்பாவை முதலில் காதருகே வைத்து ஒரு குலுக்கு. பிறகு மூடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முகர்வு. அதன்பின் அடுக்களை ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிடுவார் அருமைநாயகம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து அவர் கோழி வைப்பது மேலகரம் தெருவுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா? இத்தனையும் ஆன பிறகு, கரண்டிக் காம்பின் நுனியால் ஒரு சிட்டிகை எடுப்பார். அது சட்டியில் விழும்போது மனைவி தங்கபுஷ்பம் பக்கத்தில் நிற்க வேண்டும். கற்றுக்கொள்ள அல்ல, பார்க்க.

"இது வத்தல் பொடி இல்ல, கேட்டியா? பாப்ரிக்கா! ஸ்பெயின் தேசத்துல மரத்த எரிச்சு, பதினஞ்சு நாளு அந்தப் புகையிலயே மிளகாய வாட்டி எடுப்பான். புகையோட வாசனயப் புடிச்சு டப்பாக்குள்ள அடைச்சிருக்கான் வெள்ளக்காரன்."

தங்கபுஷ்பம் தலையை ஆட்டிக்கொள்வாள். இருபது வருஷமாக அவளும் புகையோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் அவளுடைய புகைக்கு அந்த வீட்டில் வேறு பெயர்.

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் மேலகரத்தையும் சேர்த்து நனைக்கும். வெளியூர்க்காரர்கள் அருவியில் குளிக்க வந்து இறங்குவார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கோ துணி காயாது, விறகு காயாது, மிளகாய் காயாது. வெயில் காணாத பழமிளகாயை அடுப்புக்கு மேலே தொங்கும் மூங்கில் தட்டியில் பரப்பி, ஈர விறகின் புகையிலேயே வற்ற வைப்பார்கள். அது கறுத்துச் சுருங்கிப் புகைவாடை ஏறிய வத்தலாகும். தென்காசிச் சந்தையில் அதை ஒரு தரம் முகர்ந்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார்கள். வீட்டுக் குழம்புக்குத்தான் ஆகும். அந்தக் குழம்பில் ஒரு வாய் வைத்ததுமே அருமைநாயகத்தின் மூக்கு சுருங்கும். "ஏட்டி, என்னத்த வச்சிருக்க? ஒரே புகை நாத்தம்! மனுசன் திம்பானா இத?" ஸ்பெயினில் கிளம்பினால் வாசனை, சொந்த அடுப்பில் கிளம்பினால் நாற்றம். மூக்குக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார் மனுஷர்.

சரக்குக் கப்பலில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஊர் திரும்பியவர் அவர். உடன் வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வெள்ளைத் தொப்பி, இந்த டப்பா. தொப்பியைச் சமைக்கும்போது வைத்துக்கொள்வார். டப்பாவின்மேல் கொண்டையில் பூவும் கையில் விசிறியுமாக ஒரு சீமைப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளை இயேசு படத்துக்குக் கீழே இருந்த பலகையில் நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். கப்பலில் தான் சீப் குக், அதாவது தலைமைச் சமையல்காரர் என்றும், கேப்டன் தன் கையாலேயே கொடுத்த பரிசு இது என்றும் சொல்லுவார். அவர் பாப்ரிக்கா, பாப்ரிக்கா என்று சொல்லச் சொல்ல, தெரு அதைப் பப்பரக்கா என்று வாங்கிக்கொண்டது. கையையும் காலையும் பரப்பிக்கொண்டு விழுந்து கிடப்பவனைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை. அவர் முன்னால் 'குக் அண்ணாச்சி', அந்தப் பக்கம் திரும்பினால் 'பப்பரக்கா நாயகம்'.

முதல் மூன்று வருஷம் அந்தக் கோழியைத் தின்றவர்கள் நல்லவர்கள். செக்கச்செவேலென்று இருக்கும், உறைப்பு மட்டும் பேருக்குக்கூட இருக்காது. பக்கத்து வீட்டுச் சிவசைலம் வாத்தியாருக்கு ஒரு கிண்ணம் போகும். "நிறம் பிரமாதம் அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு, உள்ளே போய் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார். ஐம்பத்தெட்டுச் சாரலுக்குப் பிறகுதான் அதே வாத்தியார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்கத் தொடங்கினார். அருமைநாயகத்துக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "டப்பாக்குள்ளயே கெடந்து பழுத்திருக்கு. ஒயினு மாதிரில்லா!" என்றார்.

டப்பாவுக்குள் என்ன பழுத்தது என்பது தங்கபுஷ்பத்துக்குத்தான் தெரியும். அந்தச் சாரலில் அவர் மூடியைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தார். சனிக்கிழமை பலகையைத் தூசி தட்டியவள் பார்த்தபோது, பொடி கட்டியாகிப் பூசணம் பூத்துக் கிடந்தது. சொன்னால் வீடு இரண்டுபடும். அதோடு, இந்த டப்பாவும் போய்விட்டால் மனுஷரிடம் வேறு என்னதான் இருக்கிறது என்று அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. பொடியை வாழை மூட்டில் கொட்டினாள். டப்பாவைக் கழுவிக் காயவைத்து, தட்டியில் கிடந்த புகை வத்தலை இடித்து, துணியில் சலித்து நிரப்பிவிட்டாள். குறையக் குறைய நிரப்பினாள். ஒரு சாண் டப்பா ஆறு வருஷமாக எப்படித் தீராமல் இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. "வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான், நின்னு பேசும்" என்பார்.

அறுபத்தொன்று ஆடியில் கடையநல்லூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. கப்பலில் கூட வேலை பார்த்த முகம்மது மீரான் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். தங்கபுஷ்பம் பலகையில் இருந்த டப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அசல் பொடியைத் தின்று பார்த்த நாக்கு அல்லவா வருகிறது? ஆனால் அவளைவிட அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. "அவன் ஒரு மாதிரி ஆளு. கப்பல் கதய மாத்தி மாத்திப் பேசுவான். நீ காதுல வாங்காத, என்ன?" என்று இரண்டு நாளில் நான்கு தரம் சொல்லிவிட்டார்.

மீரான் குடையும் சிரிப்புமாக வந்தார். கோழியைத் தானே ஓதி அறுத்துக் கொடுத்துவிட்டு, அடுக்களையிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு டப்பா குலுங்கவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, தொப்பியையும் காணோம். அருமைநாயகம் சத்தமில்லாமல் கையில் எடுத்த டப்பாவை மீரானே கண்டுகொண்டார். "ஏடே, இந்த டப்பா இன்னும் இருக்கா? ஆளுக்கொண்ணா வாங்குனோம்லா! எங்க வீட்டுல ஹாஜரா பீவி, செங்கப்பொடின்னு நெனச்சு சட்டிபானை எல்லாம் வெளக்கிட்டா." கேப்டன் பரிசு அத்தோடு போயிற்று. கரண்டி போகிற போக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மீரான் கேட்டார்:

"ஆமா, நீ எப்பம்டே சமைக்கப் படிச்ச? அங்கன பதினோரு வருசமும் கிழங்குல்லா உரிச்ச!"

அருமைநாயகத்தின் கையிலிருந்த டப்பா அப்படியே கவிழ்ந்தது. பொடி முழுவதும் சட்டிக்குள் போய்விட்டது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை, கிண்டிக்கொண்டே இருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"எல்லாம் சொல்லியிருக்காக அண்ணாச்சி. கிழங்கு உரிச்ச கைதான இப்பம் கோழி வைக்குது!" என்றாள் தங்கபுஷ்பம். அவர் ஒன்றுமே சொன்னதில்லை. சீப் குக்கின் பெண்டாட்டி என்று இத்தனை நாள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவள்தான் அவளும். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் வெளியாளுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மீரான் முதல் வாயை வைத்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. இரண்டாவது வாய்க்கு அவசரமாகக் கையைக் கொண்டுபோனார்.

"ஏடே நாயகம், இது அந்தப் பொடி இல்லடே! அதுல ஏது உறைப்பு? மண்ணுல்லா அது! இது சாரல் வத்தலு. எங்க உம்மா வைக்கிற குழம்பு வாசனல்லா அடிக்கி!"

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். அருமைநாயகம் தன் இலையிலிருந்து ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். கண் மெல்ல அடுப்புக்கு மேலே போய், மூங்கில் தட்டியில் நின்றது. அங்கிருந்து அவளிடம் வந்தது.

"அதே பொடிதாம்டே," என்றார். "டப்பாக்குள்ள கெடந்து பழுத்துப் போச்சு." இந்தத் தடவை தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு மீரானை ஏற்றிவிட்டு அவர் திரும்பியபோது தங்கபுஷ்பம் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு பூகம்பம் உண்டு என்று காதைத் தீட்டிக்கொண்டே துலக்கினாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள்.

உரல் பக்கத்தில் டப்பா கழுவித் துடைத்து, வாய் திறந்து நின்றது. சீமைப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அருமைநாயகம் வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலின்மேல் ஏறி நின்று, புகையில் கண்ணீர் வழிய வழியத் தட்டியில் கிடந்த வத்தலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கதவு இரண்டையும் கொண்டி போட்டுச் சாத்தியிருந்தார்.